பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. முழுப் படத்தையும் பார்க்காதவர்கள்கூட அந்தத் துண்டை மட்டும் டிவியிலோ யூடியூபிலோ பார்த்திருப்பார்கள். பழைய சினிமாப் பேச்சு எடுத்தால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் நாகேஷ் மாதிரி வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: மனுஷன் என்னமா பண்ணியிருக்கிறார்!

மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை அந்தக் காட்சியை நாகேஷைப் பார்க்காமல் பாருங்கள். கஷ்டம்தான். நாகேஷ் சும்மா நின்றாலே கண்ணை இழுத்துக்கொள்கிறவர். அதில் ஆடி ஓடி, குனிந்து நிமிர்ந்து, ஊளையிட்டு வேறு வைக்கிறார். கண்ணை வலுக்கட்டாயமாகப் பக்கத்தில் நகர்த்தினால், அங்கே டி.எஸ்.பாலையா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாகேஷ் நடிக்கும் செல்லப்பா சொல்லும் கதையில் கதையே கிடையாது. இருட்டு, ஓர் உருவம், சில சத்தங்கள், அவ்வளவுதான். எழுதிப் படித்தால் மூன்றாம் வகுப்புப் பையன்கூடப் பயப்பட மாட்டான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியிடம் அதற்கு மேல் சரக்கு இல்லை என்பதுதானே ஜோக்கே. அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? முழுக்க முழுக்கக் கேட்கிறவர் முகத்திலிருந்து வருகிறது. பாலையா பயப்படுவதால்தான் அது பயங்கரமான கதை ஆகிறது. அவர் பயப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது.

அவர் பயப்படும் விதத்தையும் கவனிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கண்ணை உருட்டிவிட்டால் காட்சி அரை நிமிஷத்தில் செத்துப்போயிருக்கும். பாலையா நடிக்கும் விஸ்வநாதன் சின்னமலை எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர். மகன் சினிமா எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கிறான், சரி, என்னதான் சொல்கிறான் பார்ப்போமே என்று உட்கார்கிறார். ஆகவே ஆரம்பத்தில் அது வேண்டாவெறுப்பாகக் கேட்கிற முகம், பணக்காரத் தகப்பனின் முகம். அப்புறம் அந்த முகத்துக்குள் ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிறான். அடுத்து என்ன என்று தெரிந்தாக வேண்டும், தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது. நடுநடுவே முதலாளிக்குத் தன் அந்தஸ்து நினைவுக்கு வருகிறது, நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறார், மகன் விட்டால்தானே? இப்படி மானத்துக்கும் பயத்துக்கும் நடுவே அவர் அல்லாடுகிற அந்த அல்லாட்டம்தான் காட்சியை அத்தனை நேரம் உயிரோடு வைத்திருக்கிறது.

1964இல் ஸ்ரீதர் இயக்கி வந்த படம். வின்சென்ட் ஒளிப்பதிவு. படம் பெரிய வெற்றி என்பதால் இந்திக்கும் போயிற்று. 1966இல் வந்த ‘பியார் கியே ஜா’வில் மெஹ்மூத் கதை சொல்வார், ஓம் பிரகாஷ் கேட்பார். சிறந்த நகைச்சுவை நடிப்புக்கு ஃபிலிம்ஃபேர் விருது கொடுக்க ஆரம்பித்ததும், முதல் விருது அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்குப் போயிற்று. கதை சொன்னவருக்கு விருது. கேட்டவருக்கு ஒன்றும் இல்லை. ஓம் பிரகாஷும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பதால் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்கு விருது கொடுக்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது போலிருக்கிறது.

பாலையாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேட்கும் விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அவர் சினிமாவுக்குள் வந்தது நேரெதிரான வேலைக்கு. அடுத்தவர் காதில் ஓதுகிற வேலை.

1914இல் பிறந்தவர். ஊர் சுண்டன்கோட்டை, இன்றைய தூத்துக்குடி மாவட்டம். அந்தத் தலைமுறையின் மற்ற எல்லாரையும் போல நாடக மேடையிலிருந்து வந்தார். முதல் படம் ‘சதிலீலாவதி’, 1936. அதே படத்தில்தான் எம்.ஜி.ஆரும் அறிமுகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த தகவல். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கருக்கும் அதுதான் முதல் தமிழ்ப்படம். கதை எஸ்.எஸ்.வாசனுடையது. எம்.ஜி.ஆருக்கு அதில் ஒரு சின்ன போலீஸ் வேடம். பாலையாவுக்கோ படத்தின் மொத்தச் சிக்கலையும் கிளப்பிவிடுகிற வேடம். எம்.கே.ராதா நல்ல குடும்பத்து மனிதர், அவரைக் குடிப்பழக்கத்துக்கும் கெட்ட சகவாசத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிற சிநேகிதன் பாலையா. அந்தச் சகவாசம் முற்றித்தான் கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியாகும் வரை போகிறான்.

வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. அந்த வயதுக்கு வில்லன் வேடம் என்றால் பெரிய விஷயம். அடுத்த வருஷமே ‘அம்பிகாபதி’. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், மறுபடி டங்கன் இயக்கம், இளங்கோவன் வசனம். பாலையா அதில் ருத்ரசேனன். பாகவதரும் அவரும் போட்ட வாள்சண்டை அந்தக் காலத்தில் ரொம்பப் பேசப்பட்டது. பாகவதர் கத்தி சுற்றுவதை விட எதிரே நிற்கிறவர் கத்தி சுற்றுவதில்தான் சண்டை மாதிரி இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். பாகவதர் பாட்டுக்குப் பிறந்தவர், அவரைக் கத்தி தூக்கவைத்ததே டங்கனின் சாமர்த்தியம்.

அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் இதே தொழில். ராஜாவிடம் ராஜகுமாரனைப் பற்றியும், கணவனிடம் மனைவியைப் பற்றியும், அண்ணனிடம் தம்பியைப் பற்றியும் கோள்மூட்டுகிற வேடங்கள். நடுவில் கதாநாயகனாகவும் நடித்தார். 1948இல் வந்த ‘மோகினி’யில் எம்.ஜி.ஆரும் அவரும் இரண்டு நாயகர்கள். ஆனால் எம்.ஜி.ஆருக்கு அந்தப் படிக்கட்டு மேலே போயிற்று. பாலையாவுக்கு அது வழியில் இருந்த ஒரு திண்ணை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தன் பாதைக்குத் திரும்பிவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டாரோ என்னவோ, பார்க்கிற எனக்கு வருத்தமில்லை. அவர் நாயகனாகவே நின்றிருந்தால் ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதரை யார் செய்திருப்பார்கள்?

குரலைப் பற்றிச் சொல்லாமல் பாலையாவைச் சொன்னதாகாது. கொஞ்சம் மூக்கில் உரசி, தொண்டையின் அடியிலிருந்து வரும் குரல். ஒரு வாக்கியத்தைக் கீழே ஆரம்பித்து இழுத்துக்கொண்டே மேலே ஏற்றுவார், உச்சியில் ஒரு கீச்சு வரும், உடனே சரசரவென்று இறக்கிவிடுவார். வில்லனாக இருந்தபோது இந்த ஏற்ற இறக்கம் விஷமமாகக் கேட்டது. வயதான பிறகு அதே ஏற்ற இறக்கம் அசட்டுத்தனமாகவும் வெகுளித்தனமாகவும் கேட்டது. குரல் மாறவில்லை, அதற்குப் பின்னால் இருக்கிற ஆளை மாற்றிக்கொண்டார். மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தேறிய குரல்கள் பலவும் சினிமாவுக்கு வந்து கத்திக்கொண்டே காலத்தை ஓட்டின. பாலையா அந்தக் குரலை மைக்குக்கு ஏற்றபடி மடக்கி வைக்கக் கற்றுக்கொண்டார். முணுமுணுத்தாலும் கடைசி வார்த்தை வரை விளங்கும்.

‘வேலைக்காரி’ (1949) இந்தக் காதில் ஓதும் காலத்திலேயே ஒரு திருப்பம். அண்ணாவின் கதை, ஜுபிடர் தயாரிப்பு, ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம். தகப்பனின் சாவுக்குப் பழிவாங்க கே.ஆர்.ராமசாமி கத்தியோடு கிளம்புகிறார். நண்பன் மணி தடுக்கிறான். கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று அந்தக் காலத்தில் தமிழ்நாடே திருப்பிச் சொன்ன வசனம் அங்கேதான் வருகிறது. மணி யார் என்றால் பாலையா. பதின்மூன்று வருஷமாகக் காதில் விஷம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து புத்திமதி வந்தபோது தியேட்டரில் என்ன சத்தம் எழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கூர்ந்து பார்த்தால் அதுவும் காதில் ஓதுகிற வேலைதான், ஓதுகிற விஷயம்தான் வேறு.

‘தூக்குத்தூக்கி’ (1954) சேட், ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பன் எல்லாம் வரிசையாக வந்தவை. அந்தச் சேட்டின் உடைந்த தமிழை இன்று எடுத்தால் சர்ச்சையாகும், எனக்குமே சில இடங்களில் நெளிய வைக்கிறது. ஆனால் அவர் அந்த உச்சரிப்பைக் கேலிக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, அதற்குள் ஆசை, ஏமாற்றம், பேரம் எல்லாம் நடக்கிறது. அதோடு விட்டுவிடலாம்.

என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் பாதை திரும்பிய படம் ‘பாகப்பிரிவினை’. 1959, பீம்சிங். அண்ணன் தம்பி இருவர். அண்ணன் பாலையா, தம்பி எஸ்.வி.சுப்பையா. அண்ணன் மனைவி சி.கே.சரஸ்வதி. ஒற்றுமையாக இருந்த வீட்டுக்குள் சிங்கப்பூரிலிருந்து எம்.ஆர்.ராதா வந்து இறங்குகிறார், அவ்வளவுதான், வீடு இரண்டாகிறது. இந்தப் படத்தில் ஓதுகிறவர் எம்.ஆர்.ராதா. ஓதப்படுகிறவர் பாலையா. இருபது வருஷமாக அவர் செய்துவந்த வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள, இவர் காதைக் கொடுத்துக்கொண்டு உட்காருகிறார். பலவீனமான, பாசமுள்ள, மனைவி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத அண்ணன். மனைவி பேசுகிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இது தப்பு என்று அந்த முகத்துக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காது. தம்பி மேல் உள்ள பாசம் ஒரு பக்கம் இழுக்க, வீட்டு நிம்மதி மறு பக்கம் இழுக்க, அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதையே ஒரு செய்கையாக ஆக்கிவிடுகிறார். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அண்ணனைத் தெரியும். பெரியப்பாக்கள் பலர் இப்படித்தான் இருந்தார்கள்.

இந்த இடத்துக்கு அப்புறம் வந்த பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் நாம் இன்று நினைவில் வைத்திருக்கும் பாலையா.

‘காதலிக்க நேரமில்லை’யிலேயே இன்னொரு கேட்கும் காட்சி உண்டு. தன்னிடம் வேலை பார்த்து, துரத்தப்பட்டு, வாசலில் கூடாரம் போட்டுக் கொடி பிடித்த பையன் அசோக். அந்த ரவிச்சந்திரனைக் கண்டால் எஸ்டேட் முதலாளிக்கு ஆகாது. அவனுடைய அப்பா பெரிய கோடீஸ்வரர் என்று சொல்லிக்கொண்டு, கிழவர் வேஷத்தில் முத்துராமன் வந்து உட்காருகிறார். எதிரில் இருப்பவரின் சொத்து விவரம் காதில் விழ விழ, பாலையாவின் முதுகு வளைய ஆரம்பிக்கிறது. “அசோகர் உங்க மகருங்களா?” என்று அவர் கேட்கும் கேள்வி அறுபது வருஷமாகத் தமிழ்நாட்டில் உலவிக்கொண்டிருக்கிறது. மரியாதை பொங்கி மகனுக்கும் ‘ர்’ விகுதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. சித்ராலயா கோபுவின் எழுத்து சாமர்த்தியம்தான். ஆனால் அதே வசனத்தை ஒரு சாதாரண நடிகர் சொல்லியிருந்தால் ஜோக் சொல்வதாகத் தெரிந்திருக்கும். பாலையா சொல்லும்போது அவர் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். தான் ஜோக்கடிப்பது அவருக்கே தெரியாது. பணத்துக்கு முன்னால் குழைகிற மனிதர்களை நமக்குத் தெரியும் என்பதால் சிரிக்கிறோம்.

அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வருகிறார். என்னை வெல்ல இந்த ஊரில் ஆள் உண்டா, இல்லையென்றால் பாண்டிய நாடே என் பாட்டுக்கு அடிமை என்று எழுதிக் கொடு என்பது அவர் சவால். ‘ஒருநாள் போதுமா’ என்று ஆரம்பிக்கும் பாட்டு. கண்ணதாசன் எழுதி, கே.வி.மகாதேவன் இசையமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடியது. பல்லவி மாண்ட் ராகம், அப்புறம் ராகம் மாறிக்கொண்டே போகும், மாறுகிற ராகத்தின் பெயரும் பாட்டின் வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தோடி, தர்பார், மோகனம், கானடா.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாடியவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது, குரலில் வெண்ணெய். வாயசைப்பவருக்கு ஐம்பது, அவருடைய சொந்தக் குரலை ஊர் முழுக்கத் தெரியும், அது இந்தக் குரலுக்குச் சம்பந்தமே இல்லாத கரகரப்பு. ஒட்டவே கூடாத இரண்டு. ஒட்டிக்கொண்டது எப்படி? பாலையா பாட்டுக்கு வாயசைக்கவில்லை, பாட்டின் திமிருக்கு உடம்பு அசைத்தார் என்று நினைக்கிறேன். ஒரு சங்கதியை உதிர்த்துவிட்டு அது போய் விழுந்த இடத்தைத் தானே ரசித்துப் பார்க்கிறார். சபையில் யார் முகம் எப்படிப் போகிறது என்று ஓரக்கண்ணால் கணக்கெடுக்கிறார். குரலை வேகமாக உருட்டி ஒரு பிருகாவை முடித்து, இதுக்கு என்ன சொல்றே என்பது போலத் தலையைச் சாய்க்கிறார். நல்ல வித்துவான்களிடம் இந்தத் திமிரைப் பார்த்திருக்கிறோம். வித்தை இருப்பதால் வந்த திமிர் என்பதால் கோபமும் வராது. அதனால்தான் கதைப்படி வில்லனாக இருக்க வேண்டியவரின் பாட்டு படத்தின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. இதில் சிக்கல் என்னவென்றால், இத்தனை நன்றாகப் பாடுகிறவர் தோற்க வேண்டும். தோற்பதை நாம் நம்பவும் வேண்டும்.

ஹேமநாதரை எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரர் டி.ஆர்.மகாலிங்கம் சொக்கநாதரிடம் போய் அழுகிறார். சிவபெருமான் விறகுக்காரனாக வந்து, ராத்திரி ஹேமநாதர் தங்கிய வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்று வருகிற கதை. படத்தில் ‘பாட்டும் நானே’. சிவாஜி ஒருவரே பல சிவாஜியாகி வீணையும் மிருதங்கமும் புல்லாங்குழலும் வாசிப்பார், பாட்டு நின்றால் கடல் அலைகூட அப்படியே நிற்கும். இந்தக் கேமரா வித்தையெல்லாம் தெய்வத்தின் பெருமையைச் சொல்கிறது. ஆனால் ஹேமநாதரின் தோல்வியைச் சொல்வது எது? சபையில் அத்தனை அகலமாக உட்கார்ந்திருந்த உடம்பு இங்கே சிறுத்துப்போகிறதே, அதுதான். வித்துவானுக்குத்தான் இன்னொரு வித்தையின் அளவு தெரியும். பாமரனுக்கு இரண்டு பாட்டும் நல்ல பாட்டு, அவ்வளவுதான். எவ்வளவு தூரத்தில் தான் பின்தங்கியிருக்கிறோம் என்று அளக்கத் தெரிந்த காது ஹேமநாதருடையது. ஒரு விறகுவெட்டி, அதுவும் பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிய சீடனாம், அவனே இப்படிப் பாடுகிறான் என்றால் குரு எப்படிப் பாடுவார் என்று அவர் போடும் கணக்கு ஒரு பாடகனின் கணக்கு. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போகிறார். சபையில் பாடித் தோற்கவில்லை, கேட்டே தோற்றுப்போகிறார். பாலையாவை விட இந்த வேடத்துக்குப் பொருத்தமான ஆளை இயக்குநர் ஏ.பி.நாகராஜன் எங்கே தேடியிருக்க முடியும்?

நாகராஜனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் மூன்று வருஷம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுக்கும்போது அவர் கையில் தவிலைக் கொடுத்திருக்க மாட்டார்.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். சிவாஜி நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம், பத்மினி மோகனா, பாலையா தவில்காரர் முத்துராக்கு. நாதஸ்வரத்தை மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். சிவாஜி கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து வாசிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. பக்கத்தில் உள்ள தவிலைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை.

தவில் சுலபமான வாத்தியம் கிடையாது. இடப்பக்கம் தொப்பியைக் குச்சியால் அடிக்க வேண்டும், வலப்பக்கம் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களால் வாசிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு நாதஸ்வரம்தான் கச்சேரி, தவில் துணை. மேடையில் இருப்பவர்களுக்கோ கதை வேறு. நாதஸ்வரக்காரர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதைத் தவில்காரர் அவர் முகத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். தவில் வாசிப்பவரின் பாதி வேலை காதில் நடக்கிறது. ஆகவே முத்துராக்கு வேடத்தில் பாலையாவுக்குக் கிடைத்தது, அவர் இயல்பாகச் செய்வதையே வாத்தியத்தோடு செய்கிற வாய்ப்பு.

‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திக்குத்துக் காயம் ஆறி சண்முகசுந்தரம் மறுபடி வாசிக்கிறார். மோகனா ஆடிக்கொண்டே, ஊருக்குத் தெரியாமல் பாட்டாலேயே நலம் விசாரிக்கிறாள். சிவாஜிக்குக் கண் கலங்குகிறது. சபைக்கு இது பதம், ஆடுவதற்கான பாட்டு. இரண்டு பேருக்கு மட்டும் இது கடிதம். இந்த ரகசியத்தைப் புரிந்துகொள்கிற மூன்றாவது ஆள் முத்துராக்கு. கை தவிலில் ஓடிக்கொண்டிருக்க, கண் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறது. புரிந்துவிடுகிறது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவும் கூடாது, தாளமும் பிசகக் கூடாது, நெஞ்சு நிறைந்துபோனதை எங்காவது வைக்கவும் வேண்டும். பார்க்கிற நாம் எந்தப் பக்கம் அழ வேண்டும் என்பதை அந்தப் பாட்டில் பாலையாதான் சொல்லிக்கொடுக்கிறார். சிவாஜியும் பத்மினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களை நமக்காகப் பார்ப்பவர் இவர்.

அதே படத்தில் வருகிற ரயில் பயணமும் இப்படித்தான். இரண்டு கோஷ்டியும் ஒரே பெட்டியில். காதலர்கள் கண்ணால் பேசிக்கொள்ள, நடுவில் உள்ள பெரிய மனிதருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருக்க வேண்டும். சிவாஜியோடு ஒரே சட்டகத்தில் நிற்பது எந்த நடிகருக்கும் சோதனை. பலர் அவரோடு போட்டி போட்டு மூழ்கினார்கள், சிலர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பாலையா இரண்டும் செய்யவில்லை. சிவாஜி நடிப்பதை நன்றாகக் கவனித்துக் கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் கண் தானாக அங்கேயும் போய்விடும்.

1967இல் வந்த ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ இரண்டும் வேறு தினுசு. முதலாவதில் மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூன்று பேருக்கும் அப்பா. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மகன்களும் மருமகள்களும் வருமானத்துக்கு மேல் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர். எட்டணா வரவுக்குப் பத்தணா செலவு செய்கிற குடும்பத்தைப் பார்க்கும் அந்த முகம், பட்ஜெட் போடுகிற எல்லா வீட்டுப் பெரியவர்களின் முகம். பாலசந்தருக்கு வசனம் நிறைய வேண்டும், பாலையாவும் பேசுகிறார், ஆனாலும் பேசாத இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. இரண்டாவதில், எப்போதோ மறைத்த பழைய உறவு மகளாக வாசலில் வந்து நிற்க, வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்க முயலும் பணக்காரர். திருட்டு முழி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

1972 ஜூலையில் காலமானார். ஐம்பத்தேழு வயதுதான். திரையில் இத்தனை தாத்தாக்களையும் அப்பாக்களையும் பார்த்துவிட்டு இந்த வயதைக் கேட்டால் நம்ப முடிவதில்லை. அறுபதுகளில் ஐம்பது வயதுக்காரர் கிழவர் கணக்கில் சேர்ந்துவிடுவார் என்பது ஒரு பக்கம். வில்லனாக நடித்து முடித்து, சரியாகக் கனிந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே போய்விட்டார் என்பது இன்னொரு பக்கம். எழுபதுகளின் நடுவில் தமிழ் சினிமா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்கு இறங்கியபோது அவருக்கு அறுபதுதான் ஆகியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கும் தென்மாவட்டத்துப் பெரியவர் வேடங்களை அவர் எப்படிச் செய்திருப்பார் என்று எனக்கு ஒரு தீராத ஆசை.

மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடித்தார். ‘கரகாட்டக்காரன்’ குழுவில் இருப்பார். 2012இல் ‘சாட்டை’யில் தலைமை ஆசிரியராக வந்தார். பின்வரிசையில் நின்று பார்க்கும்போது சில கோணங்களில் அப்படியே அப்பா முகம். பெயரிலேயே அப்பாவைச் சுமந்துகொண்டு நடிப்பது லேசான காரியமில்லை, அவருக்குக் கிடைத்த வேடங்களும் அதற்கு ஈடுகொடுக்கிற அளவில் இல்லை. 2023 நவம்பரில் அவரும் போய்விட்டார்.

இந்த வழியில் அடுத்து யார் என்று கேட்டால் நான் டெல்லி கணேஷ் என்பேன். இருவருக்கும் சொந்த மாவட்டம் ஒன்று என்பது தற்செயல், அவர் வல்லநாட்டுக்காரர். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணத்தில், கமல் எதையெதையோ செய்து சமாளிக்க, பாலக்காட்டு மணி ஐயர் அதைக் கேட்டும் பார்த்தும் படுகிற பாடு இருக்கிறதே, அந்த முகம் நேராகச் சின்னமலை எஸ்டேட்டிலிருந்து வந்தது. கமல் மாதிரி வேகமாகப் பேசுகிற ஆட்களுக்கு எதிரில் டெல்லி கணேஷை ஏன் திரும்பத் திரும்ப உட்கார வைத்தார்கள் என்பதற்குக் காரணமும் அதுதான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ‘சிந்து பைரவி’ மிருதங்கக்காரருக்கே ஒரு முழுக் கட்டுரை ஆகிவிடும்.